அச்சமும் நகையும்: 'ரீஃபர் மேட்னஸ்' பரப்புரைப் படமும் அதன் இசைப் பகடியும்

முன்னுரை

பெற்றோரை அஞ்சவைப்பதற்காக எடுக்கப்பட்ட ஒரு திரைப்படம், ஒரு தலைமுறைக்குப் பின்னர் அப்பெற்றோரின் பேரப்பிள்ளைகளைச் சிரிக்கவைத்தது. மேலும் ஒரு தலைமுறை கழிந்தபின் அச்சிரிப்பே மேடை இசைநாடகமாகவும் இசைத் திரைப்படமாகவும் உருப்பெற்றது. அமெரிக்காவில் 1936இல் உருவாகிய 'ரீஃபர் மேட்னஸ்' என்னும் கஞ்சா எதிர்ப்புப் படத்தின் வரலாறு இத்தகையது. 'ரீஃபர்' என்பது கஞ்சாச் சுருட்டைக் குறிக்கும் அக்காலக் கொச்சைச் சொல். ஆதலின் படத்தின் பெயரைக் 'கஞ்சாப் பித்து' எனத் தமிழில் கூறலாம். 2005இல் வெளிவந்த அதன் பகடி, 'ரீஃபர் மேட்னஸ்: தி மூவி மியூசிக்கல்' என்பதாகும்.

ஒரே கதைப்பொருளை இரு படங்களும் கையாள்கின்றன. முன்னது நகை விளைவிக்க எண்ணாமலே நகைப்பிற்கு உரியதாயிற்று. பின்னது நகையையே நோக்கமாகக் கொண்டது. இவ்விரு நகைகளின் வேறுபாட்டைத் தொல்காப்பியம் கூறும் நகை, அங்கதம் ஆகிய கோட்பாடுகளின் துணையோடு காண்பதும், வரலாற்றில் மெய்யாகவே துன்பம் விளைத்த ஒரு பொய்யை அங்கதம் எவ்வளவு தூரம் எதிர்கொள்ள இயலும் என்பதை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மூலப்படம் தோன்றிய சூழல்

அமெரிக்காவில் நடப்பிலிருந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1930இல், கூட்டரசுப் போதைப்பொருள் பணியகம் நிறுவப்பட்டிருந்தது. அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஹாரி ஜே. ஆன்ஸ்லிங்கர் 1962வரை அப்பதவியில் நீடித்தார். தொடக்க ஆண்டுகளில் அவர் கஞ்சாவைப் பெருஞ்சிக்கலாகக் கருதவில்லை. 1930களின் நடுப்பகுதியில் அவர் நிலைப்பாடு மாறியது. கொலை, கற்பழிப்பு, பித்து ஆகியவற்றுக்கெல்லாம் கஞ்சாவே காரணம் என்னும் செய்திகளை அவர் திரட்டினார், இதழ்களுக்கு வழங்கினார். 1937 ஜூலையில் 'அமெரிக்கன் மேகசின்' இதழில் வெளிவந்த அவரது கட்டுரை, கஞ்சாவை இளைஞர்களின் கொலையாளி என்றே தலைப்பில் சுட்டியது.

'மரிஜுவானா' என்னும் பெயர் வழக்கும் இங்கு நோக்கத்தக்கது. 'கேனபிஸ்' என்னும் பெயரில் அச்செடியின் சாறு அமெரிக்க மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் வழங்கிய பெயரே 'மரிஜுவானா'. பழகிய மருந்து அயலார் பெயரால் சுட்டப்பட்டபோது அறியாத நஞ்சாகத் தோன்றியது. குடியேறிகள்மீதும் ஜாஸ் இசை வாணர்களான கறுப்பின மக்கள்மீதும் நிலவிய வெறுப்பு, அப்பொருளின்மீதான அச்சத்தோடு கலந்தது.

திரையுலகின் நிலையும் இதற்குத் துணைசெய்தது. 1934 முதல் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்ட படத்தயாரிப்பு நெறிமுறை, போதைப்பொருள் வணிகத்தைப் படத்தில் காட்டுவதைத் தடைசெய்தது. பெருநிறுவனங்கள் விலகி நின்ற அவ்விடத்தைச் சிறு படமுதலாளிகள் கைப்பற்றினர். பாலுறவும் போதையும் வன்முறையும் நிறைந்த காட்சிகளைக் காட்டி, இவை தீயன என்று இறுதியில் அறிவுரை கூறிவிட்டால், அப்படம் 'கல்விப் படம்' என்னும் பெயரில் ஊர்தோறும் ஓடும். விலக்கப்பட்டதைக் காட்டிக் காசு பெறுவதற்கு அறவுரை ஒரு நுழைவுச் சீட்டாயிற்று.

மூலப்படமும் அதன் வாதமும்

பிரான்சில் பிறந்து ஊமைப்படக் காலத்திலேயே புகழ்பெற்ற லூயி காஸ்னியே இப்படத்தை இயக்கினார். 'உங்கள் பிள்ளைகளிடம் கூறுங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பே இதற்கு முதலில் இடப்பட்டிருந்தது. மேற்குறித்த வகைப் படங்களில் தேர்ந்த டுவைன் எஸ்பர் பின்னர் இதனை வாங்கி, மாற்றங்கள் செய்து, வெவ்வேறு பெயர்களில் திரையிட்டார். அவற்றுள் ஒன்றே நிலைத்துவிட்ட 'ரீஃபர் மேட்னஸ்'.

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் கஞ்சாவின் கேட்டினை எடுத்துரைக்கிறார். அவர் கூறும் கதையே படமாக விரிகிறது. மே என்பவளும் ஜாக் என்பவனும் தம் குடியிருப்பில் மாணவர்களுக்குக் கஞ்சா வழங்குகின்றனர். பில் ஹார்ப்பர் என்னும் நல்லிளைஞன் அங்கு ஈர்க்கப்படுகிறான். அவன் காதலி மேரியின் தம்பி ஜிம்மி, போதையில் காரோட்டி வழிப்போக்கர் ஒருவர்மீது மோதுகிறான். மேரி அக்குடியிருப்புக்கு வந்தபோது எழுந்த கைகலப்பில் துப்பாக்கி வெடித்து அவள் இறக்கிறாள். போதை மயக்கத்தில் கிடந்த பில், தானே கொன்றதாக நம்பவைக்கப்படுகிறான். உண்மையை ஒப்புக்கொண்ட பெண் சன்னல் வழியே குதித்து மாய்கிறாள். ரால்ஃப் என்பவன் வாழ்நாள் முழுவதும் மனநோயர் காப்பகத்தில் அடைக்கப்படுகிறான். இறுதியில் தலைமையாசிரியர், அடுத்த இடர் எவருடைய பிள்ளைக்கும் நேரலாம் என எச்சரித்து, திரைக்கு வெளியே இருப்போரையே விரலால் சுட்டுகிறார்.

கஞ்சாவை ஒருமுறை புகைத்தால் கொலை, தற்கொலை, பித்து ஆகியவை தவறாமல் தொடரும் என்பதே படத்தின் வாதம். இடைநிலை எதற்கும் அதில் இடமில்லை. புகைத்தவுடன் விழிகள் உருளுகின்றன. அடக்க இயலாச் சிரிப்பு வெடிக்கிறது. பியானோவை மேலும் மேலும் விரைந்து வாசிக்குமாறு ஒருவன் வெறியுடன் கூவுகிறான். அச்சுறுத்துவதற்காக அமைந்த இக்காட்சிகளே பிற்காலத்தில் நகைப்பின் ஊற்றுக்கண் ஆயின.

அச்சம் சட்டமாதல்

இத்தகைய கதைகள் நாட்டில் உலவிய காலத்திலேயே சட்டமும் உருவாயிற்று. மரிஜுவானா வரிச் சட்டத்துக்கு 1937 ஆகஸ்டு 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் ஒப்புதல் அளித்தார். அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெயரளவில் அது வரி விதிக்கும் சட்டம். பதிவு செய்துகொண்டோருக்குக் கைமாற்றினால் அவுன்சுக்கு 1 டாலர், பதிவு செய்யாதோருக்குக் கைமாற்றினால் அவுன்சுக்கு 100 டாலர் என அமைந்த அவ்வரி, நடைமுறையில் தடையாகவே இயங்கியது.

சட்ட முன்வடிவை ஆய்ந்த குழுவின்முன் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் மருத்துவர் வில்லியம் உட்வர்ட் எதிர்ச்சான்று பகர்ந்தார். நாளிதழ்ச் செய்திகள் சான்றாக முன்வைக்கப்படுகின்றனவே அன்றி நேரடித் தரவுகள் முன்வைக்கப்படவில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். 'மரிஜுவானா' என்பது தாங்கள் அறிந்த மருந்தே என்பதை மருத்துவர்கள் அறியவொட்டாமல் அப்பெயர் மறைத்துவிட்டது எனவும் கூறினார். ஆயினும் கீழவை விவாதத்தின்போது, மருத்துவச் சங்கம் இச்சட்டத்தை ஆதரிப்பதாகவே உறுப்பினர்களுக்குத் தவறாகக் கூறப்பட்டது. திரையிலிருந்த மிகை, சட்டமன்றத்திலும் வேறொரு வடிவில் இயங்கியது எனலாம்.

நியூயார்க் மாநகரத் தலைவர் லா கார்டியா அமைத்த குழு, கடுங்குற்றங்களுக்குக் கஞ்சா காரணமென்பதற்குச் சான்றில்லை என 1944இல் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கை சட்டத்தைத் தளர்த்தவில்லை; மாறாக 1956ஆம் ஆண்டுச் சட்டம், கஞ்சா வைத்திருந்த முதற்குற்றத்துக்கே 2 முதல் 10 ஆண்டுவரை சிறை விதித்தது. திரைப்படம் எளிதில் மறக்கப்பட்டது. அதன் வாதமோ சட்டநூலில் நிலைத்தது.

இந்தியச் சான்று

கஞ்சா பித்து விளைக்கும் என்னும் குற்றச்சாட்டு அமெரிக்காவில் முதன்முதல் எழுந்ததன்று. அது ஏற்கெனவே இந்தியாவில் விரிவாக ஆராயப்பட்டிருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவைத் தொடர்ந்து 1893இல் இந்தியக் கஞ்சாப் பொருள்கள் குறித்த ஆணையம் அமைக்கப்பட்டது. அது சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளில் 1,193 பேரிடம் சான்று பெற்று, 1894இல் தன் அறிக்கையை அளித்தது.

மனநோயர் விடுதிப் பதிவேடுகளில் 'கஞ்சாவால் பித்து' என எழுதப்பட்டிருந்த நோயாளிகளின் வரலாற்றை அவ்வாணையம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆராய்ந்தது. நோயாளியை அழைத்துவந்த காவலர் முதலியோர் போதிய உசாவலின்றிக் குறித்த காரணமே பல இடங்களில் விடுதிப் பதிவேட்டில் அப்படியே ஏறியிருந்தது தெரியவந்தது. அளவான பயன்பாடு மனத்தைக் கெடுப்பதில்லை; மிகையான பயன்பாடு கெடுக்கக்கூடும்; எனினும் அக்கேடு பெரிதும் மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதே ஆணையத்தின் முடிவு. தடையை அது பரிந்துரைக்கவில்லை. வரியும் உரிமமும் கொண்ட கட்டுப்பாட்டையே பரிந்துரைத்தது. 1936ஆம் ஆண்டுப் படத்திற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, வதந்தி எவ்வாறு பதிவேடாகவும் பதிவேடு எவ்வாறு சான்றாகவும் மாறுகிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டிருந்தது.

நகையாக மாறிய அச்சம்

மூலப்படத்தின் உரிமைக் குறிப்பு முறையாக இடம்பெறாமையால் அது எவரும் திரையிடத்தக்க பொதுச்சொத்தாயிற்று. கஞ்சாச் சட்டச் சீர்திருத்தத்திற்காக 1970இல் ஓர் அமைப்பைத் தோற்றுவித்த கீத் ஸ்ட்ரூப், 1972இல் இப்படத்தின் படியொன்றை விலைக்குப் பெற்றுக் கல்லூரி வளாகங்களில் நிதி திரட்டுவதற்காகத் திரையிட்டார். நியூ லைன் சினிமா நிறுவனம் அதனை மேலும் பரப்பியது. மாணவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். எந்தச் சட்டத்துக்கு ஆதரவான கதையை அப்படம் பேசியதோ, அச்சட்டத்தின் வழிவந்தவற்றை நீக்குவதற்கே அதன் வருவாய் பயன்பட்டது. தனிப்பட்ட பயன்பாட்டுக்காகச் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டா என்று அரசே அமைத்த தேசிய ஆணையம் பரிந்துரைத்ததும், குடியரசுத் தலைவர் நிக்சன் அதனைப் புறந்தள்ளியதும் அதே 1972இல் நிகழ்ந்தவை.

இசைநாடகமும் இசைத் திரைப்படமும்

கெவின் மர்ஃபி, டான் ஸ்டட்னி ஆகிய இருவரும் இப்படத்தை இசைநாடகமாக்கினர். நாடக உரையில் இருவருக்கும் பங்குண்டு. பாடல்களை மர்ஃபி எழுத, ஸ்டட்னி இசையமைத்தார். 1998இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆண்டி ஃபிக்மன் இயக்கத்தில் அரங்கேறிய அந்நாடகம் அங்கு நல்வரவேற்புப் பெற்றது. 2001 அக்டோபரில் நியூயார்க்கில் மேடையேறியபோது, செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அங்கு அது நெடுநாள் நீடிக்கவில்லை.

ஃபிக்மனே இயக்கிய இசைத் திரைப்படம் 2005இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, பின்னர் ஷோடைம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கிறிஸ்டியன் கேம்பல், கிறிஸ்டன் பெல், ஆலன் கம்மிங், அனா காஸ்டையர், ஸ்டீவன் வெபர், நெவ் கேம்பல் முதலியோர் நடித்தனர். இதன் பாடலொன்று அவ்வாண்டு எம்மி விருது பெற்றது.

மூலத்தின் பில் ஹார்ப்பரும் ஜிம்மியும் இதில் ஜிம்மி ஹார்ப்பர் என்னும் ஒரே பாத்திரமாக இணைகின்றனர். தலைமையாசிரியரின் இடத்தில், ஊருக்கு வந்து பெற்றோருக்குப் படங்காட்டும் விரிவுரையாளர் ஒருவர் நிற்கிறார். மூலம் ஓரடி தாண்டிய இடத்தில் பகடி பத்தடி தாண்டுகிறது: ஜிம்மி தேவாலய உண்டியலைத் திருடுகிறான்; இயேசுவே இரவு விடுதிப் பாடகர் போலத் தோன்றி அவனுக்கு அறிவுரை பாடுகிறார்; ரால்ஃப் மனித ஊன் உண்பவனாகிறான். மூலத்தின் வாதத்தை எங்கும் மறுக்காமல், அதன் தருக்கத்தையே இறுதிவரை இழுத்துச் செல்வது இப்பகடியின் உத்தியாகும்.

நால்வகை நகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் வகைப்பாடு. இந்நான்கும் இப்படவரலாற்றில் வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளன.

மூலப்படம் எழுப்பும் நகை பேதைமைபற்றியது. தான் பேசும் பொருளை அறியாமலே அதுபற்றி உறுதியாகப் பேசுவதால் அது நகைக்கு இடனாகிறது. 1972இன் மாணவர்கள் நகைத்தது இதனையே.

இசைத் திரைப்படத்தின் காதலர் காட்சிகளில் இளமைபற்றிய நகை அமைகிறது. ஜிம்மியும் மேரியும் தம்மை ரோமியோ, ஜூலியட் இணையோடு ஒப்பிட்டுப் பாடுகின்றனர். ஷேக்ஸ்பியரின் அந்நாடகத்தை அவர்கள் முழுதும் படித்திலர். அதன் முடிவு இன்பமயமானது என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர்தம் வெகுளித்தனம் நகையையும், வரவிருக்கும் முடிவு இரக்கத்தையும் ஒருங்கே தருகின்றன.

மடன் என்பதனைப் பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரைமரபு விளக்கும். விரிவுரையாளரின்முன் அமர்ந்திருக்கும் பெற்றோரிடம் காணப்படுவது இதுவே. ஐயம் எழுப்பும் ஒருவரும் அவரது நாட்டுப்பற்றை ஐயுறும் பேச்சால் வாயடைக்கப்படுகிறார். இறுதியில் அவ்வூரார் எரியூட்டும் தீயில் கஞ்சா மட்டும் வீழ்வதில்லை. அவர்கள் அஞ்சக் கற்பிக்கப்பட்ட பிறவும் வீழ்கின்றன.

இம்மூன்றையும் தன்னுள் அடக்கிப் படைப்பாளரின் எள்ளல் நிற்கிறது. அது கஞ்சா புகைப்போரையோ பிள்ளைகளுக்காக அஞ்சும் பெற்றோரையோ இலக்காகக் கொள்ளவில்லை. அவ்வச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் விரிவுரையாளரே அதன் இலக்கு.

பழிகரப்பாக அமையும் அங்கதம்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் எனத் தொல்காப்பியச் செய்யுளியல் இரண்டாகப் பகுக்கும். வெளிப்பட வசைவது முன்னது. பழியை உள்ளே மறைத்து மொழிவது பின்னது. 2005ஆம் ஆண்டுப் படம் பின்னதைச் சாரும். பரப்புரையாளனின் குரலையே அது தன் குரலாக மேற்கொள்கிறது. விரிவுரையாளர் கூறுவதைப் படம் ஓரிடத்தும் மறுத்துரைப்பதில்லை. அவரைப் பாடவும் ஆடவும் வைக்கிறது.

இதனை அரண்செய்வது ஆலன் கம்மிங் ஏற்ற பல வேடங்கள். விரிவுரையாளராக வரும் அவரே, கஞ்சா மயக்கக் காட்சியில் ஆட்டுருக் கொண்ட காமத் தெய்வமாகவும், இறுதியில் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட்டாகவும் தோன்றுகிறார். அறம் உரைக்கும் வாயும், தீமையின் உருவமும், ஆட்சியின் முகமும் ஒரே முகமாகின்றன. விலக்கப்பட்டதைக் காட்டிக் காசு பெற்ற பழைய 'கல்விப் படங்களின்' இரட்டைத்தன்மையும் இதில் அடங்கிவிடுகிறது.

மின்னிருக்கைக்குச் செல்லும் ஜிம்மியைப் படத்தில் ரூசவெல்ட் வந்து மன்னித்துக் காப்பாற்றுகிறார். வரலாற்றில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கையொப்பமிட்டவரும் அவரே. திரையில் மன்னிப்பை நீட்டும் கையும் வரலாற்றில் தண்டனையை எழுதிய கையும் ஒன்றாதல், இப்படத்தில் மறைந்துள்ள பழிகளுள் கூர்மையானது. வரலாறு அறிந்தவர்க்கே அப்பழி புலப்படும். பழிகரப்பின் இயல்பும் அதுவே.

அங்கதத்தின் எல்லை

எனினும் இவ்வங்கதம் எட்டாத இடங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, மூலப்படம் மறைத்ததையே பகடியும் மறைத்துவிடுகிறது. கஞ்சாபற்றிய அச்சம் மெக்சிகோக் குடியேறிகள்மீதும் கறுப்பின மக்கள்மீதும் கொண்ட வெறுப்போடு பின்னிப் பிணைந்தது. ஆயினும் 1936ஆம் ஆண்டுப் படத்தின் முதன்மைப் பாத்திரங்கள் வெள்ளையரே. அவர்தம் பிள்ளைகள் கெடுவரே என்பதுதான் அதன் கவலை. மூலத்தின் கதைமாந்தரையே பின்பற்றிய பகடியிலும் அவ்வாறே அமைந்தது. சட்டத்தின் சுமையோ அவர்கள்மீது மிகுதியாக விழவில்லை. 2001 முதல் 2010வரையிலான தரவுகளை ஆராய்ந்து அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இரு இனத்தாரிடையேயும் கஞ்சாப் பயன்பாடு ஏறத்தாழ ஒத்திருந்தும், அதனை வைத்திருந்தமைக்காகக் கறுப்பினத்தார் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரினும் 3.73 மடங்கு மிகுதி. இசைத் திரைப்படம் வெளிவந்த 2005 இக்காலப் பகுதியின் நடுவில் அமைகிறது. பகடி தன் மூலத்தின் எல்லைக்குள்ளேயே இயங்க வேண்டியுள்ளமையின், மூலம் சொல்லாது விட்டதைச் சொல்வது அதற்கு அரிதாகிறது.

இரண்டாவது, பொய்யை நகைத்து ஒதுக்கும்போது அதனோடு ஒட்டியிருந்த மெய்யும் ஒதுக்கப்பட்டுவிடுதல். சுவீடனில் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 1987இல் வெளியாயிற்று. படைப்பணிக்கு வருமுன்பே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரினும் ஆறு மடங்கு என அது கண்டது. கஞ்சா மட்டுமே இதற்குக் காரணமா என்பது தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் இளம்பருவத்து மிகைப் பயன்பாட்டுக்கும் மனநோய்க்கும் தொடர்புண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகளும் வலியுறுத்தின. மிகைப் பயன்பாடு மனத்தைக் கெடுக்கக்கூடும் என 1894இல் ஆணையம் கூறியதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

ஒருமுறை புகைத்தால் பித்து என்று அஞ்சவைக்கப்பட்ட தலைமுறை, புகைத்தும் பித்துக் கொள்ளாத நண்பர்களைக் கண்டபோது எச்சரிக்கை முழுவதையுமே பொய்யெனத் தள்ளியது இயல்பே. அதன் பழி நகைத்தவர்களைச் சாராது. உண்மையான எச்சரிக்கைக்கு உரிய இடத்தை மிகையால் நிரப்பியவர்களையே சாரும்.

முடிவுரை

கலிஃபோர்னியாவில் வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவதை 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பு சட்டப்படி ஏற்றுக்கொண்டது. 2024இல் இவ்விசைநாடகம் ஹாலிவுட்டில் மீண்டும் மேடையேறியபோது, அது எள்ளிய சட்டம் அம்மாநிலத்தில் மறைந்துவிட்டிருந்தது. ஆயினும் நாடகம் பழமையுற்றதாகக் கருத இடமில்லை. அதன் எள்ளலுக்குக் கஞ்சா ஒரு வாயில் மட்டுமே. மக்களின் அன்பையே அச்சமாக மாற்றி ஆளும் முறையே அதன் பொருள்.

பேதைமைபற்றிப் பிறந்த நகை, பார்ப்போரை மூலப்படத்தினும் உயர்ந்தோராக எண்ணவைத்து அவ்வளவில் நின்றது. எள்ளலாக வளர்ந்த நகையோ, விரிவுரையாளரின்முன் அமர்ந்திருக்கும் பெற்றோரின் இடத்தில் தம்மையே வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது. மூலப்படத்தின் தலைமையாசிரியர் அரங்கை நோக்கி விரல் சுட்டியது அஞ்சவைப்பதற்காக. பகடியும் அரங்கை நோக்கியே சுட்டுகிறது. சொல்பவர் எவர், சான்று யாது, அச்சத்தால் ஆதாயம் அடைபவர் எவர் என வினவத் தவறியவர்கள் பார்ப்போருள்ளும் உண்டு என்பதே அச்சுட்டின் பொருளாகும்.